சப்பாத்துப் போடாத முதலியார்

வட்டக்கச்சிக் குடியேற்றத் திட்டத்தில் எல்லா வீடும் ஒரே அச்சுத்தான். முன்னால் ஒரு விறாந்தை, நடுவில் ஒரு மண்டபம், பக்கத்தில் இரண்டு அறை, பின்னால் தள்ளி ஒரு குசினி. வயற்காணியும் அப்படியே, ஆளுக்கு ஒரே அளவு. அரசாங்கத்துக்கு ஆள் பார்த்து அளக்கத் தெரியவில்லை என்பதில் வீரகத்தியருக்குத் தீராத மனக்குறை. முதலியாரின் பூட்டப்பிள்ளைக்கும் அதே மூன்று ஏக்கர், முதலியாரின் மாட்டுக்குப் பின்னால் போனவனின் பேரனுக்கும் அதே மூன்று ஏக்கர் என்றால் அவர் எங்கே போய்ச் சொல்லி அழுவது?

அழுவதற்குப் பதிலாக அவர் படத்தைக் கொண்டுவந்தார். முல்லைத்தீவுப் பக்கம் பூவரசங்கேணியில் இடிந்து விழுந்துகொண்டிருந்த பழைய வளவு வீட்டிலிருந்து, பாயில் சுற்றி, மாட்டு வண்டியில் ஏற்றி வந்தது அந்தப் படம். அரசாங்கத்திடம் முதலியார் பட்டம் வாங்கிய கொள்ளுப்பாட்டனாரை வெள்ளைக்காரன் ஒருவன் வர்ணத்தில் எழுதியது. ஆளுயரத்துக்கும் மேலே. குடியேற்ற வீட்டுச் சுவர் அதைத் தாங்காது என்று மேசன் கையை விரித்துவிட்டதால், மண்டபத்துத் தரையிலேயே நிறுத்தி, கயிற்றால் கூரை வளையோடு சேர்த்துக் கட்டவேண்டியதாயிற்று. அதனால் முதலியார் சுவரில் தொங்கவில்லை. வீட்டாரோடு வீட்டாராகத் தரையில் நின்றார். அவர் காலடியில் ஒரு பக்கமாக ஒரு கதிரை. அதில் யாரும் இருக்கக்கூடாது.

வீட்டுக்கு யார் வந்தாலும் வீரகத்தியர் தேத்தண்ணிக்கு முன்னால் படத்தைத்தான் பரிமாறுவார்.

"கண்ணைப் பாத்தியளே? நேரை பாக்கேல்லை. ஒரு பக்கமாய்த் தூரத்தைப் பாக்கிறார். ஏன்? தன்ர சனத்துக்கு என்ன கஷ்டம் வருமோ எண்டு யோசிக்கிறார். சரி, காலைப் பாருங்கோ. சப்பாத்து பக்கத்திலை கிடக்குது. வன்னி மண் அம்மன் நடந்த மண். கவர்ணர் வந்தாலென்ன, ராணி வந்தாலென்ன, இதிலை சப்பாத்தோடை நிக்கமாட்டனெண்டு கழட்டிப்போட்டு நிண்டவர்."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கடைசி விசயத்துக்கு வருவார். "இடது கால் சுண்டுவிரல். பக்கத்து விரலுக்கு மேலை ஏறிக் கிடக்குது, கண்டியளே? அது ஆளப் பிறந்தவைக்குத்தான் வரும்."

வந்தவர்கள் மரியாதைக்காரர்கள். உங்கள் காலைக் காட்டுங்கள் பார்ப்போம் என்று ஒருவரும் கேட்டதில்லை. வீரகத்தியர் கட்டையான மனிதர். படத்துக்குப் பக்கத்தில் நின்றால் முதலியாரின் இடுப்பு வாருக்குச் சற்று மேலே வருவார். கிளிநொச்சிச் சந்தையில் அவருக்குச் செருப்பு வாங்குவதென்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் செருப்புக் கிடக்கும் பக்கம்தான் போகவேண்டும். கடைக்காரன் மகனுக்கா என்று கேட்பான். அவர் கழுத்தைச் சொறிந்துகொண்டு ஓம் என்பார். கோபம் வந்தாலும் வெட்கம் வந்தாலும் அவருக்குக் கை கழுத்துக்குப் போய்விடும்.

வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் படத்தைத் துடைப்பது அவர் மனைவி அன்னபாக்கியம். குந்தியிருந்து, ஈரத் துணியைப் பிழிந்து, காலிலிருந்துதான் தொடங்குவாள். கணவர் முதலியாரை மேலிருந்து கீழே படித்தார் என்றால் அவள் கீழிருந்து மேலே படித்தாள். அந்தச் சுண்டுவிரலின் நகம்கூட அவளுக்கு மனப்பாடம். விரிந்து பரந்த, குதி வெடித்த, சேறு கண்ட கால் அது. மேலே போனால் பொன் பித்தான் வைத்த சிவப்புக் கோட்டின் கை மணிக்கட்டுக்கு எட்டவில்லை. இன்னும் மேலே போனால் அந்தக் கண். சனத்தின் கஷ்டத்தை யோசிக்கிற கண்ணாக அவளுக்கு அது ஒருநாளும் படவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கு வந்த ஆளோடு கதைத்துக்கொண்டு நிற்கிறவளின் கண் அப்படித்தான் இருக்கும். ஆனால் இதையெல்லாம் சொல்லி யாரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது?

படத்தால் பெரிய தொல்லை வந்தது மகள் சிவனேஸ்வரி விசயத்தில். நாலாம் வீட்டு இளையதம்பியின் மகன் யோகநாதனை விட்டால் வேறு ஒருவரையும் கட்டமாட்டேன் என்று அவள் தாயிடம் நேரே சொல்லிவிட்டாள். பெடியனில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வாய்க்கால் வேலைக்கு முதல் ஆளாக நிற்பவன். குறை அவனுடைய பாட்டன் பூட்டனில் இருந்தது. அவர்கள் பூவரசங்கேணி வளவில் மாடு பார்த்து, வயல் உழுது கிடந்த ஆட்கள். வளவு வீட்டின் பின்முற்றம் வரைதான் அவர்களுக்கு வழி. குடியேறி வந்தபிறகு இளையதம்பி 'நயினார்' என்று சொல்வதை விட்டுவிட்டார். ஆனால் அண்ணன் தம்பி என்று வேறு முறையும் சொல்லவில்லை. ஒரு முறையும் சொல்லாமலே கதைக்கப் பழகிக்கொண்டார்.

"இந்தப் படத்துக்குக் கீழை அவனை எங்கை இருத்திறது?" என்று கேட்டார் வீரகத்தியர். அதோடு கதை முடிந்தது. வவுனியாவில் ஒரு விதானையாரின் மகன் இருப்பதாகவும், தை பிறந்ததும் பெண் பார்க்க வருவார்கள் என்றும் சொல்லி, தரகரிடம் சம்மதமும் கொடுத்துவிட்டார். சிவனேஸ்வரி அழவில்லை. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள், கதையை நிறுத்திக்கொண்டாள். பெற்ற வயிற்றுக்கு அது அழுகையைவிடப் பொல்லாதது. தை வருவதற்குள் ஏதாவது செய்யாவிட்டால் பிள்ளையை உயிரோடு தொலைத்துவிடுவேன் என்று அன்னபாக்கியம் பயந்துகொண்டிருந்தாள்.

தைக்கு முன்னால் வெள்ளம் வந்தது. ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளத்தை அந்தப் பக்கத்தில் மறந்தவர் இல்லை. ஆண்களெல்லாம் குளக்கட்டுக்கு ஓடிவிட்டார்கள், வீரகத்தியரும் ஓடிவிட்டார். தண்ணீர் விறாந்தைப் படியேறி மண்டபத்துக்குள் வந்தபோது அன்னபாக்கியத்துக்கு நெல்லும் நினைவு வரவில்லை, நகையும் நினைவு வரவில்லை. ஐயோ படம் என்று கத்தினாள். இவ்வளவு நாளும் மனதுக்குள் திட்டிய படத்துக்காகத் தான் ஏன் அப்படிக் கத்தினாள் என்று பிறகு அவளுக்கே வெட்கமாக இருந்தது.

கட்டுக்குச் சாக்கு எடுத்துப்போக வந்த யோகநாதனின் காதில் அது விழுந்தது. கேட்காமல் கொள்ளாமல் உள்ளே வந்து, படத்தைத் தனி ஆளாகத் தூக்கி, சுவரோரத்தில் இருக்கப் போட்டிருந்த மர வாங்கின்மேல் நிறுத்தினான். பிறகு தானும் வாங்கில் ஏறி நின்று கயிற்றை வளையில் இறுக்கினான்.

"சரியாய்ப் பிடியுங்கோ மாமி, சரியுது!"

மாமி என்று வாய்தவறி வந்துவிட்டது. அன்னபாக்கியம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சட்டத்தின் அடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றவளின் மூக்குக்கு நேரே இரண்டு இடது கால்கள் இருந்தன. ஒன்று படத்தில். மற்றது வெள்ளத்தில் சேறு கழுவப்பட்டு, ஈரம் சொட்டச் சொட்ட, வாங்கில். இரண்டிலும் சுண்டுவிரல் பக்கத்து விரலுக்கு மேலே ஏறிக் கிடந்தது. விரிந்த பாதமும் அதே பாதம்.

அவள் மெல்லத் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள். படத்து முகம், பெடியனின் முகம். மீசையையும் தலைப்பாகையையும் எடுத்துவிட்டால்!

தண்ணீர் வடிந்து, வீடு காய்ந்து, படம் தரைக்கு இறங்கியபிறகு அவள் கணவரிடம் ஒரே ஒரு வசனம் சொன்னாள். "இஞ்சருங்கோ, உந்த யோகநாதன்ர இடது காலை நீங்கள் ஒருக்காலும் பாத்ததில்லையோ?"

வீரகத்தியர் மறுநாள் வாய்க்காலடியில் போய் நின்றார். திரும்பி வந்து, வாழ்நாளில் முதற்தடவையாகப் படத்துக்கு முன்னால் குந்தியிருந்தார். வெகுநேரம் கழித்து எழும்பியபோது முகம் விளக்கேற்றினதுபோல இருந்தது.

"அன்னம், எங்கட பூட்டனார் பூவரசங்கேணியிலை சும்மா இருக்கேல்லை."

"என்ன சொல்லுறியள்?"

"அந்த வீட்டிலை முதலியாரின்ர ரத்தம் ஓடுது. பின்வாசலாலை போன ரத்தமெண்டாலும் ரத்தம் ரத்தம்தானே. அந்த விரல் எனக்கும் வரேல்லை, என்ர தேப்பனுக்கும் வரேல்லை, பாத்தியே, அங்கை போய் நிக்குது! சிவனேசுவின்ர பிள்ளைக்கு வந்திட்டுதெண்டால் முதலியார் இந்த வீட்டுக்கே திரும்பி வந்த மாதிரி. வவுனியாக்காரருக்கு வேண்டாமெண்டு சொல்லிவிடுவம்."

இதை இவ்வளவு சுலபமாக அன்னபாக்கியம் எதிர்பார்க்கவில்லை. அன்றிரவு சிவனேஸ்வரி இரண்டாந்தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள். அந்தச் சந்தோசத்தில் தாய்க்குத் தலைகால் தெரியவில்லை. பின்வாசல் என்று மனிசன் சொன்னாரே, அந்த வாசலில் நின்ற பெண் யார் என்று அவள் யோசிக்கவே இல்லை. அதுதான் அவள் விட்ட பிழை.

மறுநாள் இளையதம்பியின் வீட்டுக்குத் தானே போனாள். அவர் முற்றத்தில் நனைந்த விதைநெல்லைப் பாயில் பரப்பிக் கிளறிக்கொண்டிருந்தார். மனைவியை இழந்தவர், வீட்டில் அவரும் மகனும்தான்.

"இளையதம்பியண்ணை, நல்ல செய்தியோடை வந்தனான்" என்றாள். அண்ணை என்று அவள் அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல். அவரும் கவனித்தார். அவள் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்: விரலை, முதலியாரை, சம்மதத்தை.

இளையதம்பி நெல்லைக் கிளறுவதை நிறுத்தினார்.

"அப்ப, முதலியார் என்ர அப்பாச்சியை வைச்சிருந்தவர். என்ர அப்பா ஆருக்கோ பிறந்தவர். அப்பிடிச் சொன்னால்தான் என்ர பெடியனுக்குப் பெட்டை தருவியள், என்ன?"

இவ்வளவு நாளும் விரலாகவும் ரத்தமாகவும் இருந்த விசயம் அந்த முற்றத்தில் ஒரு மனிசியாக எழுந்து நின்றது.

"அண்ணை, நான் அப்பிடி நினைச்சு வரேல்லை..."

"நினைச்சு வரமாட்டியள். எங்கட ஆக்களைப்பற்றி நினைச்சுப் பாக்கிற பழக்கம் உங்கட வீட்டிலை இல்லை." அவருக்குக் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். "அந்தப் படத்திலை நிக்கிறது முதலியார் இல்லை அம்மா. என்ர பாட்டன்."

பிறகு அவர் சொன்ன கதை இதுதான். பெரிய துரை ஒருவர் முதலியாரைப் படமாக எழுதச் சொல்லி வெள்ளைக்கார ஓவியன் ஒருவனை அனுப்பினார். ஒருவனின் உருவத்தை எழுதி எடுத்தால் அவனுடைய ஆயுளும் அதோடு போய்விடும் என்று அந்தக் காலத்தில் முதலியாருக்கும் பயம், மாடு மேய்க்கிறவனுக்கும் பயம். ஆனால் துரையிடம் மாட்டேன் என்று சொல்வது அதைவிடப் பயம். வந்த ஓவியனோ முதலியாரை முன்பின் கண்டவனல்ல, தமிழும் தெரியாது. அதனால் முதலியார் தன் மாட்டுக்காரனைக் கூப்பிட்டார். குளிக்கச் சொன்னார். கோட்டைக் கொழுவி, தலைப்பாகையைக் கட்டி, வாளைக் கையில் கொடுத்து நிறுத்திவிட்டுத் தான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாட்டுக்காரனுக்கு ஆயுளைப்பற்றிக் கேட்க ஆளில்லை.

"எல்லாம் ஒருமாதிரிக் கொழுவியாச்சாம். சப்பாத்து மட்டும் ஏறேல்லை. இழுத்துப் பாத்தினமாம், எண்ணெய் பூசிப் பாத்தினமாம். கடைசியிலை பக்கத்திலை வைச்சிட்டு எழுதினவனாம்."

"அப்ப அந்தக் கண்?" என்று அன்னபாக்கியம் தன்னை மறந்து கேட்டுவிட்டாள். "ஒருபக்கமாய்ப் பாக்கிற கண்?"

"எருமை, அம்மா. அவிட்டுவிட்ட எருமை வயலுக்கை இறங்குது. அசையக்கூடாதெண்டு சொல்லியாச்சு. இறங்கி மேய்ஞ்சால் அடி விழப்போறதும் அவருக்குத்தானே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதற்குப் பின்னாலேயே அழுகையும் வந்தது. எத்தனை வெள்ளிக்கிழமை அந்தக் கண்ணைத் துடைத்திருப்பாள்!

"முதலியார் அடுத்த மாரியிலை காய்ச்சலோடை செத்துப்போட்டார். பிள்ளையள் சின்னன். தேப்பன்ர முகமெண்டு அதுகள் படத்தைப் பாத்துத்தான் பழகினதுகள். பாட்டன் கிழவனாகி, என்னை மடியிலை வைச்சிருந்து கதை சொல்லுற வரைக்கும் இருந்தவர். என்ர முகம் அங்கை தொங்குதடா எண்டு சொல்லுவார்."

"ஏன் அண்ணை இவ்வளவு நாளும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"ஆர் கேட்டவை?" அவர் பழையபடி நெல்லைக் கிளறத் தொடங்கினார். "நான் அந்தப் படத்தைக் கண்ணாலை காணேல்லை. அங்கை பின்முற்றத்தைத் தாண்டவிடேல்லை. இஞ்சை ஒருத்தரும் கூப்பிடேல்லை. பெடியனும் பெட்டையும் விரும்பினால் கட்டட்டும், எனக்குச் சந்தோசம். ஆனால் அப்பாச்சியின்ர பேரைக் கெடுத்த கதையோடை எண்டால், என்ர வீட்டிலையிருந்து ஒருத்தரும் வரமாட்டினம்."

அன்னபாக்கியம் வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் கணவர் சம்மதிப்பார், இந்த மனிசன் வரமாட்டார். உண்மையைச் சொன்னால் இந்த மனிசன் வருவார், கணவர் சம்மதிக்கமாட்டார். எந்தப் பக்கம் திரும்பினாலும் நடுவில் பிள்ளை நிற்கிறாள்.

"நாளைக்குக் காலமை எங்கட வீட்டை வாங்கோ அண்ணை" என்றாள். "நான் கூப்பிடுறன். பாட்டனாரை ஒருக்கால் பாருங்கோ. மிச்சத்தைப் பிறகு பாப்பம்."

வீட்டுக்கு வந்து கணவரிடம் ஒன்றும் ஒளிக்காமல் சொன்னாள். வீரகத்தியர் முதலில் சிரித்தார். பிறகு வேலைக்காரன் கட்டின கதை என்று கத்தினார். பிறகு படத்துக்கு முன்னால் போய் நின்று ஒவ்வொன்றாக வழக்குப் பேசினார்.

"அப்ப கோட்டுக்கை கட்டையாய் இருக்கிறது?"

"போட்டு நிக்கிறவற்ற கோட்டு இல்லை."

"சப்பாத்து? அம்மன் நடந்த மண்?"

"கால் ஏறேல்லை."

"கண்? கண்ணைச் சொல்லு பாப்பம்!"

சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று பிறகு நினைத்தாள். ஆனால் கேட்டுவிட்டார். "எருமை" என்றாள்.

அந்த ஒரு சொல்லோடு அவர் அடங்கிப்போனார். கை கழுத்துக்குப் போனது. இரவு சாப்பிடவில்லை. மண்டபத்தில் பாயைப் போட்டு, படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தார். கதவிடுக்கில் நின்று எல்லாவற்றையும் கேட்ட சிவனேஸ்வரி மறுபடி வாயை மூடிக்கொண்டாள். அன்னபாக்கியத்துக்கு மனிசனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவருக்கு வளவு போய்விட்டது, வயல் போய்விட்டது, பேருக்கு முன்னாலிருந்த பட்டம் போய்விட்டது. மிச்சமிருந்த ஒரு முகத்தையும் அவள் பறித்துவிட்டாளே!

காலையில் கிணற்றடியில் யாரோ கால் கழுவும் சத்தம் கேட்டது. இளையதம்பி வெள்ளை வேட்டி கட்டி, சால்வை போட்டு வந்திருந்தார். விறாந்தையில் ஒரு கணம் தயங்கினார். அன்னபாக்கியம் வாங்கோ அண்ணை என்றாள். வீரகத்தியர் மண்டபத்து மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார், வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

இளையதம்பி படத்துக்கு முன்னால் வந்து நின்றார். மெல்லத் தோளிலிருந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினார். இரண்டு கைகளையும் கூப்பினார்.

"அப்பு" என்றார்.

அவருடைய கன்னத்தில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. இத்தனை வருசம் வீரகத்தியர் எத்தனை பேருக்கு அந்தப் படத்தைக் காட்டியிருப்பார்! தலையாட்டியவர்கள் உண்டு, வாய்பிளந்தவர்கள் உண்டு, அழுதவர் ஒருவரும் இல்லை. அவர் தன்னையறியாமல் திரும்பினார். படத்து முகத்தைப் பார்த்தார், முன்னால் நின்ற முகத்தைப் பார்த்தார். நரை ஒன்றுதான் வித்தியாசம். அதற்குமேல் வழக்குப் பேச ஒன்றும் இல்லை.

"அப்ப என்ர பூட்டன்ர முகம்?" என்றார். பிள்ளை ஒன்று தொலைந்த சாமானைக் கேட்பதுபோல இருந்தது. "அவருக்கு ஒரு முகமும் இல்லையோ?"

இளையதம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். மேலிருந்து கீழாக, அவசரப்படாமல் பார்த்தார். கோபத்தோடு வந்த மனிசன்தான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு அவரால் கோபப்பட முடியவில்லை.

"பாட்டன் சொல்லுவார், முதலியார் கட்டை மனிசனாம். கோவம் வந்தால் கழுத்தைச் சொறிவாராம்."

வீரகத்தியரின் கை கழுத்தில் இருந்தது. அது அப்படியே நின்றது.

"கால் பொம்பிளைப் பிள்ளையின்ர கால் மாதிரிச் சின்னனாம். அதாலைதானே அந்தச் சப்பாத்து ஏறேல்லை. படத்திலை பாட்டனிலை ஏறாத அவற்ற சாமான் எண்டால் அது ஒண்டுதான்."

வீரகத்தியர் கையை இறக்கினார். படத்தடிக்கு வந்து, குனிந்து, அந்தச் சப்பாத்தைப் பார்த்தார். இவ்வளவு நாளும் மற்றவர்களுக்குக் காட்டினாரே தவிர அவர் அதைப் பார்த்ததில்லை. மெல்லத் தன் வலது காலைத் தூக்கி அதன் பக்கத்தில், சட்டத்தோடு ஒட்டி வைத்தார். அளவெடுத்ததுபோல இருந்தது. அவருக்கு முகம் கோணி, பிறகு சிரிப்பாகி, பிறகு இரண்டும் கலந்து என்னவோ ஆகிவிட்டது. அன்னபாக்கியம் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள்.

அவர் நிமிர்ந்தார். யாரும் இருக்கக்கூடாத அந்தக் கதிரையைப் படத்தடியிலிருந்து இழுத்தெடுத்து, தன் சால்வையால் ஒருதரம் தட்டி, இளையதம்பிக்கு முன்னால் வைத்தார்.

"இருங்கோ" என்றார்.

இளையதம்பி கதிரையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பிறகு இருந்தார். அன்னபாக்கியம் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கக் குசினிக்கு ஓடினாள். சிவனேஸ்வரி அதற்கு முன்னாலேயே அடுப்பை மூட்டிவிட்டு, புகையில் கண்ணைக் கசக்குவதுபோல நின்றாள். மண்டபத்திலிருந்து வீரகத்தியரின் குரல் கேட்டது. படத்தைப்பற்றிச் சொல்லியே பழகிய அந்தக் குரல் அன்றைக்குத்தான் கேட்கத் தொடங்கியிருந்தது.

"பூட்டனார் சிரிச்சால் எப்பிடி இருப்பாராம்? அதைப்பற்றிப் பாட்டன் ஏதும் சொன்னவரோ?"